எந்த வாசலில் யார் நிற்பது? – புதுச்சேரி முதல் வடலூர் வரை ஐந்து நாள்

2025 மார்ச் மாதத்தில் மூன்று சமயத்தாரின் நாள்காட்டியும் ஒன்றாகக் கூடிவிட்டன. 2ஆம் தேதி ரமலான் நோன்பு தொடங்கியது. 5ஆம் தேதி சாம்பல் புதன், அன்றிலிருந்து கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம். 12ஆம் தேதி மாசி மகம். கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் கட்டடமாகப் பார்க்க எந்த மாதமும் போகலாம். யார் முதலில், யார் பின்னால், யாருக்கு மாலை, யாருக்கு வாசல் வரை மட்டும் என்கிற முறையைப் பார்க்க வேண்டுமென்றால் திருவிழாவும் நோன்பும் நடக்கும்போதுதான் போக வேண்டும். அதற்காகவே இந்த ஐந்து நாள்.

மார்ச் 10, திங்கள் – புதுச்சேரி

காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று விழுகிறது. மிஷன் வீதியில் இறங்கிச் சம்பா கோயில் எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். சேன் போல் என்ற புனித பவுலின் பெயர்தான் ஊர் வாயில் சம்பா ஆகிவிட்டது. இப்போது நிற்கும் கட்டடம் 1791இல் எழுந்தது. அதற்கு முன் இருந்தவற்றில் ஒன்றை 1693இல் டச்சுக்காரர்கள் அழித்தார்கள், இன்னொன்று 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது போயிற்று.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மேற்கூரையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். இங்கே தரையைப் பார்க்க வேண்டும். இதற்கு முந்தைய கோயிலுக்குள் வடபுறம் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்கள் எனப்பட்ட ஐரோப்பியக் கலப்பினத்தாரும் ஐரோப்பியரும். பூசை ஒன்று, பாதிரியார் ஒருவர், நடுவில் சுவர். 1745 அக்டோபரில் பறையர் கிறிஸ்தவர்கள் திரண்டுபோய்ப் பெரிய பாதிரியாரிடம் முறையிட, அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இதை எழுதிவைத்தவர் கிறிஸ்தவரல்லாத ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால் அப்படியொரு சுவர் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

அதே பிள்ளைதான் 1748 செப்டம்பரையும் எழுதினார். ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம். சம்பா கோயிலை ஒட்டி நின்ற வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அந்தக் கோயிலை அகற்ற வேண்டும் என்று யேசு சபையார் பல காலமாகக் கேட்டுவந்தார்கள், போர் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. மூன்றே ஆண்டு இடைவெளியில் ஒரே வளாகத்தைச் சுற்றி நடந்த இரண்டு இடிப்புகள் இவை. முதலாவது ஒரு மதத்துக்குள் இருந்த பிரிவை உடைத்தது. இரண்டாவது ஒரு மதம் இன்னொன்றின் மீது ஏறியது. மதத்துக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவு என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துவிடுகிறார்கள். அது தவறு. இந்தப் பயணம் முழுக்க இந்த வேறுபாடு கூடவே வந்தது.

வேதபுரீசுவரர் பின்னாளில் ஈசுவரன் கோயில் வீதிக்கு இடம் பெயர்ந்தார். மிஷன் வீதியிலிருந்து நடக்கும் தூரம்தான், கட்டாயம் போக வேண்டும். திங்கட்கிழமை என்பதால் பிரதோஷக் கூட்டம்போல ஒரு கூட்டம். வில்வமும் பாலும் சேர்த்து 50 ரூபாய்.

வேலைக்கும் மதம் பார்த்த ஊர் இது. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக, இருந்த கனகராய முதலி கிறிஸ்தவர். அவர் 1746இல் இறந்ததும், அடுத்தவரும் கிறிஸ்தவராகவே இருக்க வேண்டும் என்று பாதிரிமார் அழுத்தினார்கள். கடைசியில் வியாபாரக் கெட்டிக்காரத்தனம் வென்று, 1747இல் பதவி பிள்ளைக்கு வந்தது.

மத்தியானம் நேரு வீதிக்கு அருகே ஒரு சிறு மெஸ்ஸில் சாப்பாடு, 90 ரூபாய். வடகம் தாளித்த புளிக்குழம்பு மணம் தெரு வரை வருகிறது. தவக்காலமாதலால் மட்டன் பாதியாகக் குறைந்துவிட்டதாம். "நாப்பது நாளும் விடுறவங்க இருக்காங்க, வெள்ளிக்கிழமை மட்டும் விடுறவங்க இருக்காங்க. மீன் எல்லாரும் சாப்பிடலாம், அதனால மீன் விலைதான் ஏறிப்போச்சு" என்றார் பரிமாறிய அம்மா.

மாலையில் டீக்கடையில் ஒரு பெரியவர். தெருவே அவரைச் சொல்தா ஐயா என்கிறது. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இங்கே சொல்தா என்று பெயர். அவர் பெயரின் பின்பாதி பிரெஞ்சு. அந்தப் பின்பாதிக்கு ஒரு சட்டம் காரணம். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஆணைப்படி, தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டால், அன்றுமுதல் திருமணம், சொத்து, வாரிசு எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு உரிமையியல் சட்டம்தான். கூடவே ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஒருமுறை எழுதினால் திரும்பப் பெற முடியாது. இவர்களை ரெனோன்சான் என்பார்கள். மதம் மாறாமலே இந்துவும் எழுதிக் கொடுக்கலாம், முஸ்லிமும் எழுதிக் கொடுக்கலாம். துறப்பது சாமியை அல்ல, சாதி வழக்கத்தை. இன்றைக்கும் இந்து திருமணச் சட்டம் புதுச்சேரி ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

இந்த இயக்கத்துக்கு முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றவர். அவர் தேர்ந்துகொண்ட குடும்பப் பெயர் லா போர்த். தமிழில் சொன்னால் வாசல்.

மார்ச் 11, செவ்வாய் – வில்லியனூர், திருப்பாதிரிப்புலியூர்

விடியும்போதே மூடாக்கு. டவுன் பஸ் வில்லியனூரை அடையும்போது தூறல், இறங்கியபோது நல்ல மழை. மார்ச்சில் யாரும் குடை எடுத்து வருவதில்லை. மாதா கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் பெண் பிளாஸ்டிக் உறை விற்கவும் தொடங்கிவிட்டார். வத்தி 20 ரூபாய், உறை 10.

வில்லியனூர் லூர்து மாதா திருத்தலம் 1877இல் தொடங்கியது. கோயிலுக்கு எதிரே படிக்கட்டுள்ள பெரிய குளம். மாதா கோயிலுக்கு முன்னால் தெப்பக்குளம் என்பதே தமிழ் மண்ணின் ஏற்பாடு. பிரான்சின் லூர்து ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து இந்தக் குளத்தில் கலந்திருக்கிறார்கள். வருகிறவர்கள் முதலில் குளத்தில் இறங்கிக் கால் நனைத்து, தலையில் தெளித்து, பிறகு வத்தி ஏற்றுகிறார்கள். மழையில் வத்தி நிற்கவில்லை. பத்து நிமிடம் நின்று பார்த்ததில் குங்குமம் வைத்த நெற்றிகளே அதிகம். ஒரு குடும்பம் பிள்ளைக்கு மொட்டை போட வந்திருந்தது. "மாதாவுக்கு வேண்டிக்கிட்டது. காது குத்தறது குலசாமி கோயில்ல" என்றார் பாட்டி. இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஈஸ்டர் முடிந்து நடக்கும் திருவிழாத் தேர்பவனியின்போது படியில் நிற்கவும் இடம் இருக்காது. ஆகவே குளத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் தவக்காலத்து வார நாளில் வரலாம், வெள்ளியைத் தவிர்த்துவிட வேண்டும். வெள்ளிதோறும் பதினான்கு நிலைச் சிலுவைப்பாதை நடக்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் குறுக்கே போவது நன்றாக இராது.

அங்கிருந்து நடந்தே திருக்காமீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடலாம். சோழர் காலத்துக் கோயில், அம்பாள் கோகிலாம்பாள். தேர், கொட்டகையில் தகரம் போர்த்தி நிற்கிறது. பிரம்மோற்சவத்தில் இந்தத் தேருக்கு வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது பிரெஞ்சுக் கவர்னர். அந்த ஆட்சி போனபின் துணைநிலை ஆளுநர். வேறு மதத்து ஆட்சியாளர் சிவன் கோயில் தேரை இழுப்பதைப் பெருந்தன்மை என்று மட்டும் படித்தால் போதாது. தேர்வடத்தை முதலில் தொடுவது ஊரில் யார் பெரியவர் என்பதற்கான அறிவிப்பு. கவர்னர் வடம் பிடிக்கும்போது, நான்தான் இங்கே அரசன் என்று அவர் சொல்கிறார், ஊரும் அதை ஏற்கிறது. சிவகங்கைச் சீமையின் கண்டதேவியில் வடம் பிடிப்பதில் வந்த சாதிச் சண்டையால் பல ஆண்டு தேரே ஓடாமல் நின்று, 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. வடத்தின் கனம் அப்படி.

வில்லியனூரை அடுத்த சுல்தான்பேட்டையில் பகல் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகளில் திரை தொங்கியது. பிரியாணிக் கடைக்காரர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஆறு மணிக்கு மேல வாங்கண்ணே" என்றார்.

இருட்டுமுன் கடலூர். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் நடை சாத்த இன்னும் நேரம் இருந்தது. இந்த ஊரைக் கடக்கிறவர்கள் பலருக்கு இது சமணர்களின் பெரிய இடமாக இருந்தது தெரியாது. பழைய பெயர் பாடலிபுத்திரம். லோகவிபாகம் என்னும் சமண நூல் கி.பி. 458இல் இங்கேதான் எழுதப்பட்டது. தருமசேனர் என்ற பெயரில் இங்கே சமண மடத்தில் இருந்தவர்தான் பின்னால் திருநாவுக்கரசர் ஆனார். கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், கல் மிதந்து கரை சேர்ந்தது என்பது சைவர் நம்பிக்கை. அந்த இடத்துக்கு இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர், பேருந்துப் பலகையிலும் அப்படியே. அரசன் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறினான், மடங்கள் போயின, அந்தக் கல்லைக் கொண்டு கோயில் எழும்பியது என்று பெரியபுராணமே பெருமையோடு சொல்கிறது. அங்கே இருந்த சாதாரணச் சமணக் குடிகள் என்ன ஆனார்கள் என்பதை யாரும் பாடி வைக்கவில்லை.

மார்ச் 12, புதன் – கிள்ளை, பரங்கிப்பேட்டை

மாசி மகம். கடலூரிலேயே தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுவட்டச் சாமிகள் எல்லாம் வந்து குளிக்கும். புதுச்சேரியில் வைத்திக்குப்பம். ஆனாலும் கிள்ளைக்குப் போனதற்குக் காரணம் உண்டு.

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி, ஊரிலிருந்து புறப்பட்டுப் பல மண்டகப்படிகள் கண்டு, மாசி மகத்தன்று கிள்ளையை அடுத்த முழுக்குத்துறைக் கடலில் தீர்த்தவாரிக்கு வருகிறார். மூலவர் அங்கேயே இருக்க, உற்சவர் யக்ஞவராகர்தான் பயணம் வருவது. கிள்ளையில் தைக்கால் என்றொரு இடம், அங்கே ஒரு தர்கா. கடலுக்குப் போகும் சாமி தர்காவின் முன் நிற்பார். தர்காவின் பொறுப்பில் இருக்கும் முஸ்லிம் குடும்பத்தார் மாலையும் பட்டும் கொண்டுவந்து சாத்தச் சொல்லிக் கொடுப்பார்கள். கோயில் தரப்பில் பதில் மரியாதை உண்டு, தர்காவிலே பாத்தியா ஓதுவார்கள், பிறகே பல்லக்கு நகரும்.

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிதம்பரத்திலிருந்து வரும் பேருந்துகளைக் கூட்டம் தொடங்கியதும் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். இன்று இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை. நேற்றைய மழையில் பாதையோரம் உப்பளச் சேறுபோல வழுக்கியது. செருப்பு அறுந்தவர்கள் அதை வேலியில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு போனார்கள். ரயிலில் வந்து கிள்ளை நிலையத்தில் இறங்கியவர்கள் பிழைத்தார்கள்.

தைக்காலில் கவனிக்க வேண்டியது மாலை மாறும் அந்தச் சில நொடிகள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தி நிற்கிறார். தாம்பாளத்தில் ரோஜா மாலை, மடித்த பட்டு, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம். நோன்பு இருக்கிறவர், வெயிலில் உதடு காய்ந்திருக்கிறது. பட்டாச்சாரியார் குனிந்து தாம்பாளத்தை அப்படியே வாங்குகிறார். கையிலிருந்து கைக்கு வாங்குவதுதான் இங்கே செய்தி. தரையில் வைத்து எடுப்பதில்லை. மாலை சாமி கழுத்துக்குப் போனதும் மேளம் ஓங்குகிறது. சாமி கழுத்திலிருந்து எடுத்த மாலை ஒன்று பெரியவர் தோளுக்கு வருகிறது. அவர் அதை ஒரு விநாடி வைத்திருந்து, பக்கத்தில் நின்ற பேரனிடம் கொடுத்துவிட்டார். மொத்தமே ஐந்து நிமிடம்.

இது எப்படி வந்தது என்று கேட்டால் ஊரார் நவாப் காலத்து அதிகாரி உப்பு வெங்கட்ராவ் பெயரைச் சொல்கிறார்கள். சாமியின் பயணத்துக்கும் தர்காவுக்கும் நிலம் எழுதி வைத்தவர் அவர் என்பது அவர்கள் பேச்சு. நிலம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நல்லிணக்கம் நல்லெண்ணத்தால் மட்டும் நூறு, இருநூறு ஆண்டு நிற்பதில்லை. அதற்குப் பின்னால் ஒரு மானியம் வேண்டும், அதை அனுபவிக்க ஒரு குடும்பம் வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை செய்தே தீர வேண்டிய கடமை வேண்டும். செய்யாவிட்டால் உரிமை போய்விடும் என்ற அச்சமும் வேண்டும். முறை என்று ஊரில் சொல்வது இவை எல்லாம் சேர்ந்ததைத்தான்.

கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் வரிசை. எள், பச்சரிசி, தர்ப்பை, வாழையிலை எல்லாம் சேர்த்து 150 முதல் 200 ரூபாய். முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார்கள். அப்பா, தாத்தா வரை சொன்னவர்கள் பூட்டன் பெயரில் தடுமாறி வீட்டுக்குப் போன் போட்டார்கள். கிள்ளைப் பக்கம் இருளர் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கும் இந்தப் பௌர்ணமி பெரிய நாள்தான். ஆனால், இருளர்கள் கன்னியம்மனைக் கும்பிடக் கூடுவது மாமல்லபுரம் கடற்கரையில். அங்கே மணலிலேயே கல்யாணப் பேச்சு முடியும். இங்கே மாலையும் பட்டும் மாறும் வரிசையில் அவர்களுக்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

மாலை ஐந்துக்குள் பரங்கிப்பேட்டை. ஒரு காலத்தில் மஹ்மூதுபந்தர். மரைக்காயர்களின் பழைய துறைமுகம். அல்வாவுக்குப் பெயர்போன ஊர், கால் கிலோ 100 ரூபாய், நெய் கையில் ஒட்டும். பள்ளிவாசல் பின்கட்டில் அஸர் தொழுகைக்கு முன்பே கஞ்சி அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. கேட்டதும் வழிவிட்டார்கள். "உள்ள வாங்க, அடுப்புகிட்ட மட்டும் நிக்காதீங்க, தெறிக்கும்" என்றார் கஞ்சி காய்ச்சும் காக்கா. இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்.

அவர் சொன்ன கணக்கு இது. பத்துக் கிலோ பச்சரிசி நொய்க்கு இரண்டு கிலோ பாசிப்பருப்பு, நூறு கிராம் வெந்தயம். தண்ணீர் அரிசியைப்போல எட்டு மடங்குக்குக் குறையக் கூடாது, பாதியில் வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நொய் கட்டிதட்டிவிடும். முதலில் எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிறகு வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, புதினா, மல்லி. கறி போடுகிற நாளில் கொத்துக்கறியை இதிலேயே வதக்கி விட வேண்டும். நொய்யும் பருப்பும் அடியில் இறங்கும் முதல் இருபது நிமிடம் கரண்டி நிற்கக் கூடாது. அப்போது அடிப்பிடித்தால் அந்த நாற்றம் அண்டா முழுக்கப் பரவும், என்ன செய்தாலும் போகாது. கடைசியில் தேங்காய்ப்பால். அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பின்புதான். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும்.

பின்வாசலில் ஐந்தரைக்கே தூக்குவாளிகள் வரிசையாக நிற்கின்றன. பாதி வாளிகள் முஸ்லிம் அல்லாத வீட்டுப் பிள்ளைகளுடையவை. "நோன்பு வச்சவங்களுக்குத்தானே?" என்று கேட்டதற்கு, "பசிச்சவங்களுக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் காக்கா. கஞ்சி அரிசியில் ஒரு பங்கு அரசு தருவது. தமிழ்நாடு அரசு ரமலானுக்குப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குகிறது. மிச்சம் பள்ளிவாசல் நிர்வாகமான ஜமாஅத் போடும் தினக்கணக்கு, ஒரு நாள் கஞ்சிக்கு ஒரு குடும்பம் பொறுப்பு. அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பதும் ஊரில் ஒரு மரியாதைதான். அதே ஜமாஅத்தான் கல்யாணத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டும். வெளியூர்ச் சம்பந்தம் என்றால் இரண்டு ஊர் ஜமாஅத் கடிதமும் வேண்டும். கஞ்சியும் கடிதமும் ஒரே அலுவலகத்தில். சோறு போடும் கை கட்டுப்படுத்தவும் செய்யும். பெண்களுக்கு அந்த அலுவலகத்தில் நாற்காலி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆறு இருபது வாக்கில் பாங்கு. பேரீச்சை, தண்ணீர், கஞ்சி, ஒரு பருப்பு வடை. கிண்ணம் சூட்டில் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பையன் தன் துண்டை மடித்துக் கொடுத்தான்.

மார்ச் 13, வியாழன் – சிதம்பரம்

கோயிலுக்குப் போகுமுன் ஓமக்குளம் போவது நல்லது. அங்கேதான் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் மடமும் பள்ளியும் நடத்தினார். 1890இல் பிறந்து 1959இல் மறைந்தவர். 1916இல் தொடங்கிய நந்தனார் பள்ளியில் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, தங்க வைத்துப் படிப்பித்தார். நந்தனார் கதையில் அவர் தீயில் மூழ்கி எழுந்த பிறகே கோயிலுக்குள் போகிறார். சகஜானந்தர் அதே பெயரை எடுத்து, தீக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்தைக் கட்டினார். சட்டமன்றத்துக்கும் போனார். சைவம் நாயன்மாராகக் கும்பிடுகிற ஒருவரின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டே அந்தச் சைவத்தைக் கேள்வி கேட்க முடியும் என்று காட்டியவர் அவர்.

நடராசர் கோயிலின் தெற்குப் பக்கம் வந்தால், நந்தனார் நுழைந்ததாகச் சொல்லப்படும் வாசலை ஒரு சுவர் அடைத்திருக்கிறது, அதை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக உண்டு. காவல்காரரிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பூக்காரம்மா மட்டும் கையைக் காட்டினார்.

உள்ளே நடைமுறை: பரம்பரைப் பூசகர்களான பொது தீட்சிதர்கள்தான் நிர்வாகம். 2014 ஜனவரி 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதை அவர்களுக்கே உறுதி செய்தது. தீட்சிதர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆன பிறகே பூசை முறை கிடைக்கும். நடராசர் சன்னதிக்கு முன்னுள்ள கனகசபை மேடைக்கு ஏற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அந்த மேடையில் நின்று தேவாரம் பாடுவது 2008 வரை பெரிய போராட்டமாக இருந்தது. அந்த ஆண்டு அரசாணையோடும் காவல் துறையோடும் ஒரு வயதான ஓதுவார் மேலே போனார். 2022 மே மாதம் பக்தர்கள் மேடையேறி வழிபடலாம் என்று இன்னொரு ஆணை. அப்பரும் சம்பந்தரும் பாடிய ஊரில், அவர்கள் பாட்டுக்கு ஆணை வாங்க வேண்டியிருந்தது. வருத்தமான விஷயம் இது.

இங்கேயே இன்னொன்றையும் பார்க்கலாம். ஓரிடத்தில் நின்று முகத்தை மட்டும் திருப்பினால் ஒரு பக்கம் நடராசர், மறுபக்கம் பள்ளிகொண்ட கோவிந்தராசப் பெருமாள். சைவ வைணவச் சண்டைகள் எல்லாம் கண்டபிறகும் இரண்டு சன்னதியும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. பக்தர்களுக்கு இரண்டு கும்பிடும் ஒரே நிமிடத்தில் முடிகிறது.

பகலில் நல்ல புழுக்கம். கீழவீதியில் சிதம்பரம் கொத்சுவோடு இட்லி. சம்பா சாதத்தோடு சாப்பிடுவதே பழைய வழக்கம், ஆனால் பத்து மணிக்கு மேல் சம்பா சாதம் கிடைக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி – வடலூர்

சேத்தியாத்தோப்பு வழியாக வடலூர். மாசிப் பூசம் இந்த வாரத் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டதால் கூட்டம் இல்லை. தைப்பூசத்தன்று வந்தால் ஏழு திரையும் நீங்கிய ஜோதி தரிசனம் ஆறு முறை உண்டு. முதல் தரிசனம் காலை ஆறு மணி, கடைசி மறுநாள் விடியல் ஐந்தரை. வேலி முழுக்கத் தலைகளாக இருக்கும், கட்டடத்தைப் பார்க்க முடியாது. இன்றைய நாள் பார்ப்பதற்கு ஏற்றது.

சத்திய ஞான சபை எண்கோண வடிவம், 1872 தைப்பூசத்தன்று தொடங்கியது. சுற்றியிருக்கும் சங்கிலியில் 21,600 கண்ணிகள், ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் கணக்கு. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என்று ஏழு திரைகளுக்குப் பின்னால் கண்ணாடியும் விளக்கும். உருவம் கிடையாது. மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் இராமலிங்கர் சாதி, மத, சமயப் பிரிவுகள் பொய் என்று சொல்லி எழுப்பிய இடம். அவருடைய பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்ற சண்டையில் ஆறுமுக நாவலரோடு மூண்ட பகை, கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. பின்னாளில் இந்தச் சபைக்குள்ளேயே லிங்கம் வைத்துப் பூசை நடந்தது. 2006இல் அறநிலையத் துறை தலையிட்டு, வள்ளலார் வகுத்த ஜோதி வழிபாடுதான் நடக்க வேண்டும் என்று உத்தரவிட, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உருவம் வேண்டாம் என்றவர் இடத்திலும் பழைய வழக்கம் எப்படி மெல்ல உள்ளே வந்தது என்பதற்கு இது சான்று. சபைக்கு முன்னுள்ள பெருவெளியும் வழக்குக்குப் போனது. அங்கே சர்வதேச மையம் கட்டக் கூடாது என்று 2024இல் எதிர்த்துத் திரண்டவர்களில் பார்வதிபுரத்து மக்கள் முன்னால் நின்றார்கள். 80 காணி நிலத்தை, ஏக்கர் கணக்கில் 106 அளவு, வள்ளலாருக்கு எழுதிக் கொடுத்தது அவர்கள் முன்னோர். கிள்ளையைப் போலவே இங்கும் பேச்சு நிலத்தில்தான் வந்து நிற்கிறது.

சபை வாசலில், கொலை, புலால் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்ற அறிவிப்பு. சாதி கேட்காத இடம் சாப்பாட்டைக் கேட்கிறது. இந்த மாவட்டத்தில் மீன் சாப்பிடாத சாதிகள் எவை என்று யோசித்தால், இந்த வாசலிலும் சமூகம் நுழைந்திருப்பது தெரியும். வள்ளலாருக்கு அது உயிரிரக்கம், அதில் ஐயமில்லை. ஆனாலும் வாசலில் தயங்கி நிற்கிறவர்கள் யார் என்று பார்த்தால், கடலோரத்து மக்கள்.

சோறு போடும் தருமசாலைக்கு அந்த அறிவிப்பு இல்லை. பசி என்று வந்தவர் புலால் உண்பவராக இருந்தாலும் சோறு போட வேண்டும் என்பது வள்ளலாரே வகுத்தது. 1867 மே 23ஆம் தேதி அவர் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. இருபத்தோரு அடி நீளம், இரண்டரை அடி அகலம். விறகு அடுப்புதான். இரவு வேலை முடிந்ததும் பெரிய கட்டையை உள்ளே தள்ளிச் சாம்பலைப் போர்த்துகிறார்கள், விடியலில் சாம்பலை விலக்கினால் கங்கு சிவந்து கிடக்கும். மழைக்காலத்தில் ஈர விறகு வந்தால் புகை கிளம்பிக் கூடம் முழுக்கக் கண் எரியும் என்பதால், வெட்டிய கட்டையைப் பல வாரம் முன்பே உலர்த்தி அடுக்குகிறார்கள்.

பகல் பந்தியில் இடம் பிடிக்க முண்டியடிக்க வேண்டியதில்லை, முடிய முடிய அடுத்த பந்தி. பக்கத்தில் உட்கார்ந்தவர் கடலூர் முதுநகர் மீன் ஏலக்கூடத்தில் பெட்டி தூக்குகிறவர். சபைக்கு எதிரில் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். சோறு, சாம்பார், ரசம், மோர். பரிமாறியவர் யாரிடமும் ஊர் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. "சோறு வைக்கட்டா, ரசம் ஊத்தட்டா" என்று மட்டும் கேட்டுக்கொண்டு நகர்ந்தார். மீன்காரர் மூன்றாம் முறையும் சோறு வாங்கினார். வெளியே வந்தபோது அடுத்த பந்திக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். கழுநீர் பக்கத்துத் தொட்டிக்கு ஓடியது, அங்கே மாடுகள் காத்து நின்றன.